கரும்புக்காடு குடியிருப்பாகும்போது: டர்பன் பக்கம் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கம் போனால் சாலையோரம் இன்னும் கரும்பு நிற்கிறது. ஆனால் வருடா வருடம் குறைகிறது. உம்ஹ்லாங்கா ரிட்ஜ், கார்னூபியா எல்லாம் நம் கண் முன்னால் கரும்பிலிருந்து கட்டடமானவை. இப்போது நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் ஒன்றுசேர்ந்து நிலம் வாங்கி, புதுக் குடியிருப்பைத் தாங்களே திட்டமிட முன்வருகிறார்கள். நகரத் திட்டமிடல் என் தொழில் என்பதால் கோவில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்ட விவரங்கள் தென்னாப்பிரிக்காவுக்கு, அதிலும் டர்பனை உள்ளடக்கிய இதெக்வினி மாநகராட்சி எல்லைக்குப் பொருந்துபவை.

கரும்பு நிலம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி மனை பிரித்து விற்றுவிடலாமா?

வாங்குவது உங்கள் விருப்பம். பிரிப்பதற்கு மாநகராட்சியின் ஒப்புதல் வேண்டும். ஸ்ப்ளூமா என்று எல்லோரும் சொல்லும் 2013ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டுச் சட்டம் 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனை பிரிக்கவும் நிலத்தின் பயன்பாட்டை மாற்றவும் அதன்படி விண்ணப்பிக்க வேண்டும். பெரிய விண்ணப்பங்கள் மாநகராட்சியின் திட்டமிடல் தீர்ப்பாயத்துக்குப் போகும். சட்டத்தின் கண்ணில் அது இன்னும் வேளாண் நிலம்தான் என்றால் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண் அமைச்சகமும் சம்மதிக்க வேண்டும். சதுப்பு, ஓடை, இயற்கைக் காடு எதையாவது தொடுகிறீர்கள் என்றால் 1998ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். அந்த அனுமதி தேவைப்படும் இடத்தில், அது கைக்கு வரும்வரை புல்டோசரை இறக்கவே கூடாது.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த நிலத்தின் மேல் மீட்புக் கோரிக்கை ஏதாவது இருக்கிறதா? 1913 ஜூன் 19க்குப் பிறகு இனவாதச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அப்படி நிலம் இழந்தவர்களில் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் உண்டு, நம்மவர்களும் உண்டு. கோரிக்கை அரசிதழில் வந்துவிட்டால், நில மீட்பு ஆணையருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் அந்த நிலத்தை விற்கவோ பிரிக்கவோ கட்டவோ முடியாது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இனவாதச் சட்டத்தால் பெயர்க்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நாம். அடுத்தவர் கோரிக்கையை வெறும் இடைஞ்சலாக நாம் நினைக்கக் கூடாது.

எவ்வளவு காலம் ஆகும்?

ஆண்டுக் கணக்கில் ஆகும். "ஆறு மாதத்தில் மனை கையில்" என்று யாராவது சொன்னால் ஒப்புதல் கடிதங்களைக் காட்டச் சொல்லுங்கள். நிலத்துக்குக் கடன் வாங்கியிருந்தால் அத்தனை காலத்துக்கும் வட்டி ஓடும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் நிலத்துக்கு விலை பேச வேண்டும்.

முதலில் யாரைக் கூப்பிடுவது? ஆர்க்கிடெக்டையா?

அவர் பிறகு வரட்டும். முதலில் நில அளவையாளர், அடுத்து மண் பரிசோதிக்கும் பொறியாளர். டர்பனில் சமதரை அபூர்வம். கடலோர மேடுகளில் பெரியா சிவப்பு மணல் என்ற மண் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும். தண்ணீர் இறங்கினால் அரித்துக்கொண்டு ஓடும், பாரம் ஏற்றியிருந்தால் திடீரென்று அமுங்கும். உள்பக்கம் போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஷேல் என்ற அடுக்குப் பாறை. அதன் அடுக்குகள் சரிவின் பக்கமே சாய்ந்திருக்கும் இடத்தில் அடிவாரத்தை வெட்டினால் மேலே இருப்பது வழுக்கி இறங்கும். இரண்டிலும் வீடு கட்டலாம். ஆனால் அஸ்திவாரமும் வடிகாலும் வேறு வேறு, செலவும் வேறு.

உயரக் கோடுகள் போட்ட வரைபடம் கைக்கு வந்ததும் செங்குத்தான பகுதிகளுக்கு வண்ணம் தீட்டிப் பாருங்கள். மூன்று மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்றால் அங்கே மனை போடாமல் விடுவது நல்லது. போட்டால் வாங்குகிற குடும்பம் வீட்டுக்குச் செலவிட வேண்டிய காசைத் தாங்குசுவரில் கொட்டும். பத்துப் பன்னிரண்டு மனை குறையுமே என்று முதலீட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தில் 144ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை ஏறும் என்ற கோட்டை மனைப்பிரிவு வரைபடத்தில் காட்டாமல் புதுக் குடியிருப்பு அமைக்கக் கூடாது. "நூறு ஆண்டு" என்றதும் நம் காலத்தில் வராது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அந்த வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான். 20 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது அது வர ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு. அந்த அளவு ஆபத்து இருக்கும் அறையில் பிள்ளையைத் தூங்க வைப்போமா?

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். ஆற்றங்கரை வீடுகள் மட்டும் போகவில்லை. சரிவுகளில் இருந்தவையும் மண்ணோடு இறங்கின. டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம்.

நம் முன்னோருக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. உம்பிலோ ஆற்றங்கரையில் அவர்கள் கட்டிய கோவில் வெள்ளத்தில் போனது. இன்று பெல்லேர் சாலையில் நிற்கும் உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் 1947இல் எழுப்பியது. பழைய கோவிலிலிருந்து மீட்ட கதவுகளை அதில் பொருத்தியிருக்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வெள்ளக் கோட்டுக்கு உள்ளே வீடு வேண்டாம். அதற்கு வெளியேயும் ஓடைக்கும் சதுப்புக்கும் தாராளமாக இடம் விடுங்கள். மாநகராட்சியின் டிமாஸ் என்ற பசுமை வலையமைப்பு உங்கள் நிலத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்; தொட்டால் அந்தப் பகுதியில் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சம்மதம் இல்லாமல் கட்ட முடியாது. அப்புறம் உங்கள் நிலத்தில் விழும் மழை. கரும்பு நின்றபோது அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியது. கூரையும் தாரும் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே பாயும், கீழே இருப்பவர் வீட்டில் புகும். அதனால் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடும் குளங்களை முதல் வரைபடத்திலேயே தாழ்வான இடங்களில் குறித்துவிடுங்கள். மழை இல்லாத மாதங்களில் அதே இடம் பிள்ளைகள் பந்து விளையாடும் புல்வெளியாக இருக்கலாம்.

குழாய்கள் வழக்கமான மழைக்குத்தான் போதும். பெருமழையில் அவை நிரம்பியபின் தண்ணீர் எந்தத் தெரு வழியாக ஓடும் என்று பொறியாளரைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வழியின் கடைசியில் யாருடைய மதில் நிற்கிறது என்றும் கேளுங்கள்.

மனை எந்த அளவில் இருக்க வேண்டும்?

ஒரே அளவில் எல்லாம் வேண்டாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். சாலை, ஓடை, பூங்கா, தேக்கக் குளம் போக ஆறாயிரம் மிஞ்சியது என்று வையுங்கள். 600 சதுர மீட்டர் மனை என்றால் பத்து, 300 என்றால் இருபது. சாலையும் குழாயும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். செலவைப் பங்கு போடுவது பத்து வீடா இருபது வீடா என்பதுதான் வித்தியாசம். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் வாங்குகிற விலையில் சிறிய மனைகளும் அடுக்கு வீடுகளும் இல்லையென்றால் அந்தக் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

நம் குடும்பங்கள் வாழும் விதத்தையும் வரைபடம் ஏற்க வேண்டும். பின்னால் ஒரு அவுட்பில்டிங் போட்டு அம்மா அப்பாவையோ மூத்த மகன் குடும்பத்தையோ வைத்துக்கொள்வது டர்பனில் எந்தத் தமிழ் வீட்டுக்கும் புதிதல்ல. அதைத் தடை செய்யும் விதிகளை எழுதிவிட்டு, எல்லோரும் மீறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டாவது வீட்டுக்கு இப்போதே அனுமதி கேளுங்கள். கழிவுநீர்க் குழாயின் விட்டத்தையும் வண்டி நிறுத்தத்தையும் அதற்கேற்பக் கணக்கிடச் சொல்லுங்கள். அறைகள் கூடிக்கொண்டே போய் குழாய் மட்டும் பழையபடி இருந்தால் சாக்கடை பொங்கி வாசலுக்கு வரும்.

வாஸ்துப்படி எல்லா மனையும் கிழக்குப் பார்க்கும்படி வரைய முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது. வாசலைக் கிழக்கே வைக்க விரும்புகிறவர்களுக்கு மூலை மனைகளும் வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களும் உதவும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். தமிழ்நாட்டில் வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் வெயில் தெற்கிலிருந்து விழும். டர்பனில் வடக்கிலிருந்து விழுகிறது. ஊரிலிருந்து வரும் வாஸ்துப் புத்தகத்தை அப்படியே பின்பற்றி வடக்குச் சுவரை மூடிவிட்டால் ஜூன், ஜூலையில் வீடு இருட்டாகவும் குளிராகவும் கிடக்கும், துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

டர்பன் ஏறக்குறைய 30 பாகைத் தென் அட்சத்தில் இருக்கிறது. குளிர்கால நடுப்பகலில் சூரியன் வடக்கே சுமார் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். டிசம்பரில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. ஆகவே வடக்கில் பெரிய சன்னல், அதற்கு மேல் அளவான ஒரு நீட்டல். குளிர்கால வெயில் உள்ளே வரும், கோடை வெயில் வராது. மேற்கில் சன்னலைக் குறையுங்கள். தென்மேற்கிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் கதவு வைத்தால் முன்னால் தாழ்வாரம் வேண்டும்.

இதெல்லாம் நடக்கத் தெருக்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். சரிவு அதற்கு இடம் கொடுக்காத இடத்தில் சரிவு சொல்வதையே கேளுங்கள். பூசையறை எந்த மூலையில் என்பதை அவரவர் வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ளலாம்.

சுற்றி மதில் எழுப்பி ஒரே கேட் வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

இந்தக் கேள்வியின் பின்னால் உண்மையான பயம் இருக்கிறது. திருட்டு, கொள்ளை, 2021 ஜூலைக் கலவரம் எல்லாம் நாம் பட்டவை. ஆனால் அந்த ஜூலையில், நம்மவர்கள் மிகுந்த ஃபீனிக்ஸில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாத ஊர்களில் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அப்போது பார்த்தோம்.

அந்த அறியாமை வரைபடத்திலேயே திட்டமிடப்பட்டது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தை வைத்துக்கொண்டு கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்து, 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளையர் பகுதிகளுக்கும் ஆப்பிரிக்கர்களின் உம்லாசிக்கும் இடையே நம்மை வைத்தது இரண்டையும் பிரிக்கத்தான். யூனிட் 3, யூனிட் 5 என்று எண்தான் பேட்டைக்குப் பெயர். பின்னர் 1970களில் ஃபீனிக்ஸும் அதே கணக்கில், குவாமாஷுவுக்கும் இனாண்டாவுக்கும் பக்கத்தில் எழுந்தது. 1991இல் சட்டம் போய்விட்டது. தெருக்களின் அமைப்பு போகவில்லை. இன்று பேனா நம் கையில் இருக்கும்போது அதே மதிலை நாமே வரைவதை என்னால் ஏற்க முடியாது.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஒரே வாசல் என்றால் அது வெள்ளத்தில் அறுந்தாலோ யாராவது மறித்தாலோ ஆம்புலன்ஸ் வர வழியில்லை. குறைந்தது இரண்டு வழிகள், இரு வேறு சாலைகளை நோக்கி இருக்கட்டும். பொதுச் சாலையை மாநகராட்சி அனுமதியின்றி பூம் (தடுப்புக் கம்பம்) போட்டு மூட முடியாது. தனியார் சாலையாக வைத்துக்கொண்டால் குழி விழுந்தாலும் விளக்கு போனாலும் காலம் முழுக்க நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்கு நான் சொல்வது: வீட்டு முன்பக்கம் தெருவைப் பார்க்கட்டும், முன்மதில் இடுப்பளவில் இருக்கட்டும், நடைபாதையில் வெளிச்சம் இருக்கட்டும், இரண்டு மதில்களுக்கு நடுவே ஆளில்லாத சந்து எதுவும் வேண்டாம். டாக்ஸி நிற்குமிடமும் காய்கறிக் கடைகளும் எல்லையில், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து போகும்படி அமையட்டும். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் சனிக்கிழமை காலை நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கோவிலுக்கும் பள்ளிக்கும் இடம் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பிறகு இடமே இருக்காது. சாட்ஸ்வொர்த்தில் வீடுகள் முதலில் வந்தன. பள்ளியும் கடையும் மண்டபமும் வர மக்கள் போராட வேண்டியிருந்தது. பொதுவாக மனை எல்லாவற்றையும் வரைந்து முடித்து, கடைசியில் மிஞ்சும் கோணல் மூலையில் "சமூகப் பயன்பாடு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மூலை பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். மையத்தில், சமமான இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள்.

கோவில் என்றால் தைப்பூசக் காவடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் கூட்டமுமாக ஊர்வலம் வரும். செருப்பில்லாமல் நடப்பவர்கள், குழந்தைகள், முதியவர்கள். ஓடையிலிருந்து கோவில்வரை பெரிய சாலையைக் குறுக்கிடாத ஒரு நடைவழி கிடைத்தால் மற்ற நாட்களில் அதுவே பள்ளிப் பிள்ளைகளின் பாதை. தீமிதிக்கும் கூட்டத்துக்கும் திறந்தவெளி, வண்டி நிறுத்த இடம், மேளச் சத்தம் தொந்தரவு செய்யாத தூரம் எல்லாம் வேண்டும். வழிபாட்டுக்கென்று மனையின் வகையைக் குறிக்கும்போது எந்தச் சமயத்துக்கும் திறந்திருக்கும்படி குறியுங்கள். பக்கத்து வீட்டில் கிறிஸ்தவர் இருப்பார், முஸ்லிம் இருப்பார். தமிழர்களிலேயே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்!

தண்ணீர், மின்சாரம்?

மாநகராட்சியிடமிருந்து கொள்ளளவு உறுதிக் கடிதம் வாங்குங்கள்: குடிநீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றுக்கும் தனித்தனியாக. கழிவுநீர் நிலையத்தில் இடமில்லை என்றால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கூரைநீர்த் தொட்டிக்கு மேடை, சோலார் தகடுகளுக்கு வடக்குப் பார்த்த கூரை. கட்டட விதிகளின்படி சூடான நீருக்கான தேவையில் பாதியையாவது சாதாரண மின் கீசர் அல்லாத வழியில் பெற வேண்டும் என்பதால் சோலார் கீசரை எப்படியும் யோசிக்கத்தான் வேண்டும்.

என்ன மரம் நடலாம்?

தெருவில் நேட்டால் மஹோகனி போன்ற உள்ளூர் நிழல் மரங்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் வாழையும் வீட்டுப் பின்புறம். மாரியம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதிலாக நம்மவர்கள் பறிக்கும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு, இந்த நாட்டின் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று ஓடைக்கரை முழுக்க விதைத்துவிடும். புதிதாக நடாதீர்கள்.

மனைக்கு முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? வீடு கட்டிய பிறகு விரிசல் விட்டால்?

தனி மனைக்குப் பத்திரம் வர வேண்டுமென்றால் நில அளவைத் தலைமை அலுவலகம் வரைபடத்தை ஏற்க வேண்டும், சாலையும் குழாயும் முடிந்ததென்று மாநகராட்சி ஸ்ப்ளூமா சான்று தர வேண்டும், பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகம் பதிய வேண்டும். அதுவரை உங்கள் பணம் பத்திர வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில்தான் இருக்க வேண்டும். உறவுக்காரர் என்றாலும் விற்பவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள்.

புது வீடு என்றால் கட்டுபவர், வீடு கட்டுவோரைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான என்.ஹெச்.பி.ஆர்.சி.யில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வேலை தொடங்க 15 நாட்களுக்கு முன்பே வீட்டையும் அங்கே பதிய வேண்டும். அப்படிச் செய்தால் பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டு, கூரைக் கசிவுக்கு 1 ஆண்டு, சிறு குறைகளுக்கு 3 மாதம் பொறுப்பு உண்டு. குறையைக் கண்டதும் எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குடியிருப்போர் சங்கம் வேண்டுமா?

பொதுச் சொத்து இருந்தால் வேண்டும். மாதாந்திர லெவி (பராமரிப்புக் கட்டணம்), தேக்கக் குளத்தைத் தூர்வாரும் பொறுப்பு, வீட்டின் நிறம்வரை தலையிடும் விதிகள் எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். தகராறு வந்தால் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சமூகக் குடியிருப்புக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம்.

வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிக் கருத்துச் சொல்வது? எங்கள் பாட்டியும் காசு போட்டிருக்கிறார்.

தரையிலேயே காட்டுங்கள். நில அளவையாளரை வைத்து முதன்மைத் தெருவுக்கும் நாலைந்து மனைகளுக்கும் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வெள்ளக் கோட்டுக்கு வேறு நிறக் கொடி. பாட்டியை அழைத்துக்கொண்டு போய் கோவில் மனையிலிருந்து தன் வீடுவரை நடக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது என்று அவரே சொல்வார், அங்கே படியும் கைப்பிடியும் உட்கார ஒரு திட்டும் வையுங்கள். பக்கத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்களையும் அதே நாளில் கூப்பிடுங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அந்த நிலத்தில் தினமும் நடக்கிற அவர்களுக்குத்தான் தெரியும், உங்கள் விண்ணப்பத்தின் மீதான ஆட்சேபணைக் காலத்தில் அவர்களுக்கும் பேச உரிமை உண்டு. மழை குறைவான ஜூன் முதல் ஆகஸ்ட்வரை இதைச் செய்யலாம். கரும்பு வெட்டிய பிறகு நிலமும் திறந்து கிடக்கும்.